கிணற்று நீரின் உவரை அளந்தறிதல்
மீன்தொட்டி மானியைத் தோட்டத்திற்கும் வயலுக்கும் ஏற்றவாறு பயன்படுத்தும் முறை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் கமக்காரர்களுக்கு உவர் என்பது புதிய சொல்லன்று. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பாங்கான எழுவான்கரையில் மிளகாய், வெங்காயம், கத்தரி, வெற்றிலை முதலியன கிணற்று நீரை நம்பிச் செய்கை பண்ணப்படுகின்றன. மேற்கே படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, போரதீவு முதலிய இடங்களின் வட்டைகளிலே நெல் விளைகிறது. ஒரு கரையில் கிணறும், மறு கரையில் வயலின் தாழ்ந்த கண்டங்களும் உவரினால் கெடுகின்றன. பயிர் கருகிய பின்னரே பலரும் உவரை அறிகின்றார்கள். பயிர் நடுவதற்கு முன்பே அதனை அறிந்துகொள்ளும் வழியொன்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

அந்த வழிக்கு வேண்டிய கருவி இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அது கமக்காரருக்கென்று செய்யப்பட்டதன்று. கண்ணாடித் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்ப்போருக்கென்று செய்யப்பட்டது. மீனுக்காகச் செய்த கருவியைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளாமல் பயன்படுத்தினால், அது நன்மைக்குப் பதிலாகத் தீமையே செய்யும். அத்தீமையை யான் நேரிற் கண்டேன். அதற்கு யானே காரணமாகவும் இருந்தேன். அதனைப் பின்னர் கூறுவேன்.

உவர் வரும் வழிகள்

நமது பகுதியில் உவர் மூன்று வழிகளால் வருகிறது.

முதலாவது வழி வாவி. வடகீழ்ப் பருவக்காற்று மழை பெய்யும் மாதங்களில் ஆறுகளும் குளங்களின் மிகை நீரும் வாவியில் வந்து சேர்வதால் அதன் நீர் நன்னீருக்கு அண்மையதாகிறது. வெள்ளம் வயல்களை மூடும்போது முகத்துவாரத்தை வெட்டி நீரைக் கடலுக்கு விடுகிறார்கள். மழை நின்றபின் வாவியின் மட்டம் தாழ, திறந்திருக்கும் முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. அதன்பின் வெயில் காலத்தில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் எஞ்சுகிறது. ஆகவே மாரியில் வயலுக்குத் தீங்கு செய்யாத அதே வாவி நீர், சிறுபோகத்தின் இறுதியில் நாற்றையும் கதிரையும் கொல்லக்கூடியதாக மாறிவிடுகிறது. நீரின் தோற்றத்திலோ மட்டத்திலோ இம்மாற்றம் தெரிவதில்லை.

இரண்டாவது வழி நிலத்தடி. எழுவான்கரையின் மணலில் பெய்யும் மழைநீர் கீழிறங்கி, அங்கேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்ததாகையால் இவ்வாறு மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் அறிஞர் கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கத்தையே கமக்காரர் கவனிக்கவேண்டும். கிணற்றை விரைவாக இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தி, அந்நிலையிலேயே நெடுநாள் வைத்திருந்தால், கீழேயுள்ள உவர்நீர் பல அடிகள் மேலெழும். துலாவினால் இறைத்த காலத்தில் கிணறு தானாகவே இளைப்பாறியது. நீரிறைக்கும் இயந்திரமோ களைப்பறியாதது. கிணறும் அதனோடு ஓடவேண்டியதாயிற்று.

மூன்றாவது வழி கடலின் சீற்றம். 2004ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை, கரையோரக் கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தைச் சேர்ந்தோர் பின்னர் கிழக்குக் கரையின் கிணறுகளில் உவரை அளந்து வந்தனர். கிணறுகளை நன்னிலைக்குக் கொண்டுவந்ததிற் பெரும்பங்கு மழைக்கே உரியது. கிணற்றைச் சுத்திகரிக்கும் எண்ணத்துடன் அளவுமிஞ்சி இறைத்தால், அடியிலுள்ள உவர்நீர் மேலேறிக் கேட்டை நீடிக்கச் செய்யும் என்பதும் அக்காலத்தில் அறியப்பட்ட பாடமாகும்.

நாவை நம்பலாமா?

நீரை வாயிலிட்டுப் பார்த்து உவரை அறிவது நம் முன்னோர் வழக்கம். அது முற்றிலும் பிழையன்று. ஆனால் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கறியுப்புக் கரைந்தால்தான் பலரின் நாவுக்கு உவர்ப்புப் புலப்படும். வெங்காயத்திற்குத் தீங்கு தொடங்குவதும் ஏறத்தாழ அந்த அளவிலேயே. அதிலும், ஒரே கிணற்றின் நீரைப் பல்லாண்டுகள் குடித்துப் பழகியவரின் நாவு அந்த உவரை உணர்வதில்லை. நாவுக்கு உவர்க்கும் முன்னரே வெங்காயத்திற்கு உவர்த்துவிடுகிறது. ஆகையால் அளவிட்டுப் பார்க்கும் கருவி வேண்டும்.

கருவி வேலைசெய்யும் விதம்

தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதளவே கடத்தும். உப்புக் கரைந்த நீர் நன்கு கடத்தும். உப்புக் கூடக்கூடக் கடத்தலும் கூடுகிறது. நீரில் இரு சிறு முனைகளை அமிழ்த்தி, அவற்றிற்கிடையே செல்லும் மின்னோட்டத்தை அளந்து, உவரை எண்ணாகக் காட்டுவதே மின்கடத்துதிறன் மானியாகும். நீரில் அமிழும் பாகத்தைப் ‘புறோப்’ என்பர்.

பயிர்த் தொழிலில் இந்த எண் ‘மீற்றருக்கு இத்தனை டெசிசீமன்’ என்று கூறப்படும். சுருக்கத்திற்காக இப்பிரசுரத்தில் அதனை ‘அலகு’ என்றே குறிப்போம். கருவியில் ‘மில்லிசீமன்’ என்றிருந்தால் அதுவும் இதே எண்தான். ‘மைக்கிரோசீமன்’ என்றிருந்தால் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1,500 மைக்கிரோசீமன் என்பது 1.5 அலகு. கடல்நீர் ஏறத்தாழ 53 அலகு. நல்ல மழைநீர் அலகில் மிகச் சிறு பங்கே.

மீன் வளர்ப்போருக்குரிய கருவிகள் மூன்று வகை. உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவையும், ஒளியைக் கொண்டு பார்க்கும் குழாயும் முதல் வகை. இவை கடல்நீருக்கே ஏற்றவை. பயிருக்கு உயிர்ப்பிரச்சினையான ஒன்று, இரண்டு அலகு வேறுபாடு இவற்றில் ஒரு கோட்டளவுகூடத் தெரியாது. ஆகவே இவற்றைக் கமக்காரர் வாங்க வேண்டாம். இரண்டாம் வகை, சட்டைப்பையில் வைக்கக்கூடிய பேனை போன்ற மானி. மூன்றாம் வகை, தொட்டியின் உவரை இடைவிடாது பார்த்து, குறித்த அளவைத் தாண்டினால் பம்பியை நிறுத்தவோ இயக்கவோ செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அப்பெட்டிக்குரிய புறோப்பை அதனைச் செய்த நிறுவனமே அதிக விலைக்கு விற்கும். பிற உற்பத்தியாளர் செய்யும் புறோப்புகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பின்னைய இரு வகைகளும் நமக்குப் பயன்படக்கூடியவை.

யான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் எழுவான்கரைக் கிராமமொன்றில், ஒரு கமக்காரர் தமது புதிய கிணற்றின் நீர் வெங்காயத்திற்கு ஏற்றதா என என்னிடம் வினவினார். என்னிடம் அப்போது மீன்தொட்டிக்குரிய பேனை மானியொன்று இருந்தது. நீரில் அமிழ்த்தினேன், 1.2 என்று காட்டியது. பத்திலொரு பங்கு விளைவு குறையலாம், மற்றப்படி நடலாம் என்றேன். விதை வெங்காயம் வாங்குவதற்கு அவர் மனைவியின் காப்பு அடகுக்குச் சென்றது.

ஐந்தாம் வாரத்தில் தாள்களின் நுனி வெளுத்துக் கருகியது. தோட்டத்திற்கு ஓடினேன். அவர் சினந்து பேசவில்லை. “ஐயா, உங்கட மிசின் நல்ல தண்ணி எண்டுது, வெங்காயம் இல்லை எண்டுது” என்றார், அவ்வளவே.

வீட்டிற்கு வந்து கருவியைத் திருப்பிப் பார்த்தபோதே என் பிழை விளங்கியது. அது காட்டிய எண் நான் எண்ணிய அலகில் இல்லை. கடல்மீன் வளர்ப்போர் வழக்கப்படி ஆயிரத்திற்கு எத்தனை பங்கு உப்பு என்பதை, அதாவது ‘பி.பி.ரி.’ கணக்கை அது காட்டியது. ஆயிரத்தில் ஒரு பங்கு உப்பு ஏறக்குறைய இரண்டு அலகுக்குச் சமம். எனவே அந்நீரின் உண்மையான உவர் 2.3 அலகாக இருந்தது. அந்த அளவில் வெங்காயத்தின் விளைவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அழிந்துபோகும். கருவி பொய் சொல்லவில்லை. அதன் பாஷையை அறியாதவன் யானே. காப்பு அடகிலிருந்து மீள மேலும் இரண்டு போகங்கள் சென்றன.

ஆகவே கருவியை வாங்கியதும் முதலிற் செய்யவேண்டியது, அதில் எழுதியிருக்கும் அலகைப் படித்துப் பார்த்தலே. ‘பி.பி.எம்.’ என்று காட்டும் மானிகளில் இன்னுமொரு மயக்கம் உண்டு. சில மானிகள் ஓர் அலகை 500 பி.பி.எம். என்றும், வேறு சில 700 பி.பி.எம். என்றும் கணக்கிடுகின்றன. 1,400 எனக் காட்டினால் ஒன்றில் 2.8 அலகு, மற்றொன்றில் 2 அலகு. எனவே கடத்துதிறனை நேராகவே காட்டும், ‘ஈ.சீ.’ எனக் குறித்த மானியையே தேர்ந்து வாங்குக.

உப்புக் கரைசலால் கருவியைச் சரிபார்த்தல்

மீன்தொட்டி மானிகள் பெரும்பாலும் கடல்நீருக்கு ஒத்த 53 அலகுக் கரைசலைக் கொண்டு சரிசெய்யப்பட்டவை. ஐம்பதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மீனுக்குக் கேடில்லை. பயிருக்கோ அந்த ஒன்றே வாழ்வும் சாவும். ஆகையால் நமக்கு வேண்டிய சிறிய அளவிலேயே கருவியைச் சரிபார்க்க வேண்டும். 1.413 அலகுடைய நியமக் கரைசல் சிறு பொதிகளாக விற்கப்படுகிறது. அது கிடைக்காவிடின் வீட்டிலேயே பின்வருமாறு செய்துகொள்ளலாம்.

கறியுப்பைச் சட்டியில் சற்று வறுத்து ஈரம் போக்கி ஆறவிடுக. நகைக்கடைத் தராசில் அல்லது மருந்துக்கடைத் தராசில் சரியாக 10 கிராம் நிறுத்துக. பற்றரிக்கு ஊற்றுவதற்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரில் அதனைக் கரைத்து, மொத்தம் ஒரு லீற்றராக்குக. பற்றரி அமிலத்தைத் தவறியும் எடுத்துவிடாதீர்கள். இது தாய்க் கரைசல். இதன் அளவு 25 பாகை செல்சியசில் ஏறக்குறைய 17.6 அலகு. இதில் 100 மில்லிலீற்றர் எடுத்துக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மீண்டும் ஒரு லீற்றராக்கினால் 2 அலகுக் கரைசல் கிடைக்கும். 50 மில்லிலீற்றர் எடுத்து ஒரு லீற்றராக்கினால் ஏறக்குறைய 1 அலகுக் கரைசல் கிடைக்கும். ஒவ்வொன்றையும் கழுவி உலர்த்திய போத்தலில் மூடி, அளவையும் திகதியையும் எழுதி வைக்குக.

மானியை 2 அலகுக் கரைசலில் அமிழ்த்தி, குமிழிகள் நீங்க மெல்ல ஆட்டி, எண் அசையாமல் நின்றதும் படிக்குக. திருகாணியோ பொத்தானோ இருந்தால் அந்த எண்ணைச் சரியாக்குக. பின்னர் 1 அலகுக் கரைசலிலும் பார்க்குக. அங்கே 0.9 முதல் 1.1 வரை காட்டினால் கருவி கமத்தொழிலுக்கு ஏற்றது. ஒன்றிற் சரியாகவும் மற்றொன்றிற் பெரும் பிழையாகவும் காட்டினால் அக்கருவியை நம்ப வேண்டாம். போகத்திற்கு இரு முறையாவது இவ்வாறு சரிபார்த்தல் நன்று.

வெப்பமும் எண்ணை மாற்றும். நீரின் வெப்பம் ஒரு பாகை கூடினால் கடத்தல் நூற்றுக்கு இரண்டு வீதம் கூடும். வெப்பத்தைத் தானே திருத்திக்கொள்ளாத மானி, 30 பாகை நீரில் பத்திலொரு பங்கு கூடுதலாகக் காட்டும். ஆகவே கரைசலையும் கிணற்று நீரையும் ஒரே நிழலில் சற்று நேரம் வைத்த பின்னரே அளந்து ஒப்பிடுக.

வேறு நிறுவனத்தாரின் புறோப்பைப் பொருத்துதல்

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பிற உற்பத்தியாளரின் மலிந்த புறோப்பை வாங்குவோர் மூன்று விடயங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, புறோப்பின் மாறிலி. முனைகளின் பரப்பையும் அவற்றின் இடைத்தூரத்தையும் பொறுத்து ஒவ்வொரு புறோப்புக்கும் 0.1, 1, 10 என்பன போன்ற ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். கிணற்று நீருக்கும் வயல் நீருக்கும் மாறிலி 1 ஆன புறோப்பே பொருத்தம். மாறிலி 10 உள்ளது கடல்நீருக்கே சிறந்தது. பெட்டி எந்த மாறிலிக்கு அமைக்கப்பட்டதோ அதே மாறிலியுள்ள புறோப்பைப் பொருத்தாவிடின் எண் பத்து மடங்கு கூடியோ, பத்திலொரு பங்காகக் குறைந்தோ தோன்றும். குறைந்து தோன்றுவதே பேராபத்து. உவர்நீர் நன்னீராகக் காட்சியளிக்கும்.

இரண்டாவது, வெப்பவுணரி. பல புறோப்புகளில் நீரின் வெப்பத்தை அறியும் சிறு உறுப்பும் சேர்ந்திருக்கும். அதன் வகை பெட்டிக்குரிய வகையோடு ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் வெப்பத் திருத்தம் பிழைக்கும்.

மூன்றாவது, செருகியின் வடிவம். செருகி பொருந்திவிட்டதனாலேயே புறோப்பும் பொருந்திவிட்டது என்று எண்ணற்க. முன் சொன்ன 1, 2 அலகுக் கரைசல்களில் சோதித்துப் பார்த்த பின்னரே கிணற்றிற்குக் கொண்டு செல்க.

நமது கிணறுகள் பலவற்றில் இரும்புச் சத்து உண்டு. முனைகளிற் செந்நிறப் படிவும் பாசியும் படிந்தால் எண் குறைந்து காட்டும். வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ நீரிற் கலந்து அதிற் சிறிது நேரம் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்னீராற் கழுவுக. மணலாலோ கத்தியாலோ சுரண்டலாகாது.

நீரை அளக்கும் முறை

வாளியில் இரவு முழுதும் நின்ற நீரை அளப்பதால் பயனில்லை. காலையில் இறைக்கத் தொடங்கிச் சில நிமிடங்களுக்குப் பின் ஒருமுறையும், இறைத்து முடிக்கும் தறுவாயில் மறுமுறையும் அளக்க வேண்டும். இவ்விரு எண்களுக்கும் உள்ள வேறுபாடே கிணற்றின் நாடி. தொடக்கத்தில் 0.8, முடிவில் 0.9 என்றால் கிணறு சுகமாக இருக்கிறது. தொடக்கத்தில் 0.8, முடிவில் 1.6 என்றால் கீழிருந்து உவர்நீர் ஏறுகிறது. அக்கிணற்றைக் குறைந்த நேரம் இறைத்து, நீண்ட நேரம் ஊறவிட வேண்டும். சிறிய பம்பியால் மெதுவாக இறைத்தலும், உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடியில் விடாமல் மேல்நீரில் நிற்கச் செய்தலும், ஒரே ஆழ்ந்த கிணற்றுக்குப் பதிலாக ஆழங்குறைந்த இரு கிணறுகளை மாறி மாறிப் பயன்படுத்தலும் நலம்.

எந்தப் பயிருக்கு எந்த அளவு?

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம் 1985இல் திருத்தி வெளியிட்ட நீர்த்தர நூலில் பயிர்கள் தாங்கும் அளவுகள் தரப்பட்டுள்ளன. பாய்ச்சும் நீரின் உவர் கீழ்க்கண்டவாறு இருப்பின் விளைவு எவ்வாறாகும் என்பதை அறிக. முதலாவது எண் வரை விளைவு குறையாது. இரண்டாவது எண்ணில் நூற்றுக்கு 10 வீதமும், மூன்றாவது எண்ணில் 25 வீதமும் குறையும்.

போஞ்சி: 0.7 – 1.0 – 1.5
வெங்காயம்: 0.8 – 1.2 – 1.8
மிளகாய்: 1.0 – 1.5 – 2.2
தக்காளி: 1.7 – 2.3 – 3.4
நெல்: 2.0 – 2.6 – 3.4
கௌபி: 3.3 – 3.8 – 4.7

இவ்வெண்கள், பாய்ச்சும் நீரில் ஒரு பங்கு வேருக்குக் கீழே வடிந்து உப்பைக் கழுவிச் செல்லும் நிலத்துக்குரியவை. நீர் வடியாத நிலத்தில் உப்புத் தேங்குவதால் இழப்பு இதனிலும் கூடும். உவர்நீரைத் தூவிப் பாய்ச்சினால் இலை கருகும், வேரடியிலே விடுக. வைக்கோலால் மூடாக்கிட்டால் ஆவியாதல் குறைந்து உப்பு மேலெழுவதும் குறையும்.

வெங்காயத்தை இழந்த அக்கமக்காரர் அடுத்த போகத்தில் 0.7 அலகுடைய பழைய கிணற்றருகே வெங்காயத்தையும், புதிய கிணற்றருகே கௌபியையும் இட்டார். அதே நிலம், அதே நீர். பயிரை மட்டும் எண்ணைப் பார்த்து மாற்றினார். இரண்டும் விளைந்தன.

பம்பியைத் தானே நிறுத்தும் ஏற்பாடு

கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ளவர்கள், கிணற்று நீர் குறித்த அளவை மீறியவுடன் பம்பி நிற்கும்படி செய்யலாம். மிளகாய்த் தோட்டத்திற்கு 1.5 அலகை எல்லையாக வைக்கலாம். இதிற் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. மீன்தொட்டிப் பெட்டியின் ஆளி சிறு பம்பிகளுக்கே உரியது. கிணற்றுப் பம்பி இயங்கத் தொடங்கும்போது பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே இடையில் ‘கொன்ரக்டர்’ எனப்படும் பெரிய ஆளியைப் பொருத்துதல் வேண்டும்.

2. ஈரமான இடத்தில் மின்சாரம் உயிரைக் கவரும். தேர்ந்த மின்னிணைப்பாளரைக் கொண்டே வேலை செய்விக்குக. ‘ட்ரிப் சுவிட்ச்’ இல்லாத இணைப்பில் இவ்வேற்பாட்டைச் செய்யற்க.

3. புறோப்பைக் கிணற்றினுள் தொங்கவிடாது, பம்பியிலிருந்து வரும் நீர் எப்போதும் நிரம்பி வழியும் சிறு பாத்திரத்தில் வைக்குக.

4. புறோப் நீரை விட்டு வெளியே வந்தால் பூச்சியம் காட்டும். பெட்டி அதனை மிக நல்ல நீரென்று எண்ணிப் பம்பியை ஓடவிடும். ஆகையால் மேலெல்லையோடு 0.1 அலகைக் கீழெல்லையாகவும் வைத்து, அதற்குக் கீழும் பம்பி நிற்கும்படி செய்க. தொடங்கும்போது பாத்திரம் நிறைய வேண்டியிருப்பதால் சில நிமிட அவகாசமும் அமைக்குக.

நெல் வயலில்

நெல் முளைக்கும்போதும், தூர் கட்டும்போதும் உவரை ஓரளவு தாங்கும். இளநாற்றாக இருக்கும்போதும், பூக்கும்போதும் தாங்காது. ஆகவே இவ்விரு பருவங்களிலும் தாழ்ந்த கண்டங்களின் நீரை வாரத்தில் இரு முறை அளக்க வேண்டும். 2 அலகைத் தாண்டினால், மேலிருந்து வாய்க்கால் நீர் கிடைக்குமிடத்து, நின்ற நீரை வடித்துப் புதுநீர் கட்டுக. வாவியின் மட்டம் வயலிலும் உயர்ந்திருக்கும்போது வடிகால் வக்கடையைத் திறக்கலாகாது. திறந்தால் வடிவதற்குப் பதிலாக உவர்நீர் உள்ளே வரும். வக்கடையின் இருபுறத்து நீரையும் அளந்த பின் திறப்பதே அறிவுடைமை. வட்டைவிதானைமாரிடம் ஒரு மானி இருப்பின் முழு வட்டைக்கும் அது காவலாகும்.

உவர் நீங்காத கண்டங்களுக்கு அம்பலாந்தோட்டையில் உருவாக்கப்பட்ட ஏ.ரி. 354, ஏ.ரி. 401 ஆகிய இனங்கள் பொருந்தும். உவரைத் தாங்கும் பழைய பொக்காலி நெல்லின் குணம் இவற்றில் உண்டு. ஆயினும் தாங்கும் இனம் என்பது உவரை விரும்பும் இனம் என்று பொருள்படாது.

மண்ணைச் சோதித்தல்

அதே மானியால் மண்ணையும் சோதிக்கலாம். வேர் ஓடும் ஆழத்து மண்ணை எடுத்து உலர்த்தி, கல் நீக்கிப் பொடியாக்குக. ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, போத்தலில் நன்கு குலுக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, தெளிந்த நீரை அளக்குக. அந்த எண்ணை மணலாயின் ஏறக்குறைய 15ஆலும், இருவாட்டி மண்ணாயின் 10ஆலும், களியாயின் 7ஆலும் பெருக்குக. வரும் தொகையே வேர் உணரும் உவர். நெல்லுக்கு அது 3க்குள்ளும், வெங்காயத்திற்கு ஏறக்குறைய 1.2க்குள்ளும் இருத்தல் வேண்டும். மாரி மழைக்கு முன்னும் பின்னும் சோதித்தால், மழை எவ்வளவு உப்பைக் கழுவிச் சென்றது என்பது புலனாகும். வரம்பை உயர்த்தி மழைநீரை வயலில் தேக்கிப் பின் வடித்துவிடுவதைவிட மலிந்த மருந்து உவர் நிலத்திற்கு இல்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கருவியின் அலகைப் படித்தறிந்த பின்னரே எண்ணைப் படிக்குக.
2. 1 அலகு, 2 அலகு உப்புக் கரைசல்களில் போகத்திற்கு இரு முறை சரிபார்க்குக.
3. புறோப்பின் மாறிலியும் வெப்பவுணரியும் பெட்டிக்கு ஒத்திருத்தல் வேண்டும்.
4. இறைக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளக்குக.
5. எண்ணைப் பார்த்துப் பயிரைத் தெரிக. பயிரை நட்டபின் எண்ணைத் தேடற்க.
6. திகதி, கிணறு, நீர்மட்டம், இரு எண்கள் ஆகியவற்றைக் கொப்பியொன்றில் எழுதி வருக.

தனியாக மானி வாங்க இயலாதவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். கமக்காரர் அமைப்பின் பொதுச் சொத்தாகவும் வைத்திருக்கலாம். உங்கள் மானி காட்டும் எண்ணில் ஐயம் எழுந்தால் மானியையும், கழுவிய போத்தலில் ஒரு லீற்றர் கிணற்று நீரையும் எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்திற்கு வந்து விவசாயப் போதனாசிரியரைக் காணுங்கள். விதை வாங்குவதற்கு முன்னரே வாருங்கள்.